கார் எஞ்சினின் பிளாஸ்டிக் மெனிபோல்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா? மலையகத்து வாகனக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்துக் கராஜ்களில் பழைய கார் ஒன்று விற்பனைக்குத் தயாராகும்போது முதலில் கழுவுவார்கள். அடுத்தது பெயின்ட். வெளியே மட்டுமல்ல, பொனட்டுக்குள்ளேயும் பெயின்ட் போகும். பொனட்டைத் தூக்கியதும் கண்ணில் படும் பெரிய கறுப்புப் பிளாஸ்டிக் பாகம்தான் இன்டேக் மெனிபோல்ட். கை விரல்களைப்போல மூன்றாகவோ நான்காகவோ பிரிந்து எஞ்சினுக்குள் இறங்கும் குழாய்களைக் கொண்டது. பத்துப் பன்னிரண்டு வருடச் சூட்டில் அது வெளிறிச் சாம்பல் நிறமாகிவிடும், எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் ஏறிவிடும். ஒரு ஸ்பிரே கேன் கறுப்பு அடித்தால் அரை மணி நேரத்தில் புதுசுபோலத் தெரியும்.

அதில் தவறு என்ன என்று கேட்கலாம். சொந்த வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்ள ஒருவர் பெயின்ட் அடித்தால் தவறு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாகம் காற்றை மட்டும் கொண்டுபோவதில்லை. பெரும்பாலான பெற்றோல் கார்களில் பிரேக்குக்கு வேண்டிய உதவியும் அதிலிருந்துதான் போகிறது. ரம்பொடை வழியாகவோ கினிகத்தேனை வழியாகவோ இறங்குகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே பெயின்ட் எப்படி அடிப்பது என்பதோடு, எதன் மேல் அடிக்கக்கூடாது என்பதையும், வேறொருவர் அடித்த பெயின்டின் கீழே என்ன இருக்கலாம் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

இந்தப் பேச்சுக்கு இப்போது இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரிகளோடு சேர்ந்த விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டவில்லை. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபா என்று 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்டதை நினைத்தால், புதிய கார் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஆகவே 2010ஆம் ஆண்டுகளில் வந்த அதே அல்டோ, வெகன் ஆர், விட்ஸ் கார்கள்தான் கைமாறிக் கைமாறி ஓடுகின்றன. ஓய்வுபெற்ற தாயின் சேமலாப நிதிப் பணமும், கொழும்புக் கடையில் வேலைசெய்யும் மகனின் சேமிப்பும், மிச்சத்துக்கு லீசிங்குமாகத்தான் தோட்டத்துக்கு ஒரு கார் வருகிறது. இரவில் பிரசவ வலி வந்தவரை டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோவதும் பெரும்பாலும் அப்படி வந்த வண்டிதான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் கம்பளை போன்ற மகாவலிக் கரை நகரங்களில் புகுந்த பின்னர், தண்ணீர் கண்ட வாகனங்களும் கழுவிப் பூசிச் சந்தைக்கு வரலாம் என்ற எச்சரிக்கை வாங்குவோருக்கு வேண்டும்.

இரும்பிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

யுத்த காலத்தை வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு மெனிபோல்ட் புதிய சொல்லாக இருக்கலாம், ஆனால் அந்தப் பாகத்தின் தயவில் அவர்கள் பயணம் செய்திருக்கிறார்கள். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் பெற்றோல் கிடைக்காதபோது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிய போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவாக ஆவியாகாது. அதற்குச் சூடு வேண்டும். அந்தப் பழைய கார்களில் காற்று உள்ளே போகும் மெனிபோல்ட் உலோகத்தால் ஆனது, புகை வெளியேறும் மெனிபோல்டோடு ஒட்டியே இருந்தது. புகையின் சூடு உள்ளே போகும் கலவையையும் சூடாக்கியது. பிரித்தானியப் பொறியியலாளர்கள் குளிர்நாட்டுக்காகச் செய்த ஏற்பாடு, தடைக்குள் இருந்த மக்களின் அம்புலன்ஸையும் கல்யாணக் காரையும் ஓட்டிவிட்டது.

இன்றைய கார்கள் இதற்கு நேர்மாறானவை. பெற்றோலை இன்ஜெக்டர் நேராக வால்வுக்குப் பக்கத்தில் தெளிக்கிறது, சில எஞ்சின்களில் சிலிண்டருக்குள்ளேயே. மெனிபோல்டுக்குள் போவது காற்று மட்டுமே. காற்று எவ்வளவு குளிராக இருக்கிறதோ அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு நல்ல எரிப்பு. பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, பாரம் குறைவு, செய்யும் செலவும் குறைவு. இப்படித்தான் உலோகம் வெளியேறியது.

‘பிளாஸ்டிக்’ என்று பொதுவாகச் சொன்னாலும் இது வாளியும் கதிரையும் செய்யும் பிளாஸ்டிக் அல்ல. பெரும்பாலும் நைலோன். அதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைக்குக் கண்ணாடி நார் கலந்திருக்கும். மெனிபோல்டின் ஒரு பக்கத்தில், சில வேளை அடிப்பக்கத்தில், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே அச்சு எழுத்துகள் இருக்கும். பீஏ6–ஜீஎப்30 என்று இருந்தால், நைலோன் 6, 30 சதவீதம் கண்ணாடி நார் என்று பொருள். பீஏ66 என்றால் அதைவிடச் சற்றுக் கூடிய சூட்டைத் தாங்கும் நைலோன். பக்கத்தில் இருக்கும் எயார் பில்டர் பெட்டியில் பீபீ என்று இருக்கலாம். அது பொலிபுரோப்பிலீன்.

இந்த எழுத்தைத் தேடிப் பார்க்காமல் பெயின்ட் வாங்கவே கூடாது. ஏனென்றால் நைலோனில் பெயின்ட் ஓரளவு நன்றாகப் பிடிக்கும். பொலிபுரோப்பிலீனில் பிடிக்காது, மெழுகில் தண்ணீர் ஊற்றியதுபோல விலகும், காய்ந்தாலும் நகத்தால் சுரண்டினால் தோலாக உரியும். அதற்கென்று ஒட்டுதல் தரும் பிளாஸ்டிக் பிரைமர் தனியாக விற்கிறார்கள், அதை முதலில் அடிக்கவேண்டும். ‘பிளாஸ்டிக்குக்குப் பெயின்ட் நிற்காது’ என்று கராஜ்களில் சொல்லப்படுவது பாதி உண்மை. எந்தப் பிளாஸ்டிக் என்று கேட்டால் மீதிப் பாதியும் தெரியவரும்.

மலைநாட்டுக் குளிரில் பெயின்ட்

பெயின்ட் உரிவதற்குப் பத்தில் ஒன்பது தடவை பெயின்ட் காரணமல்ல, கீழே இருக்கும் எண்ணெய்தான் காரணம். நமது பக்கத்தில் எஞ்சின் கழுவுவது என்றால் மண்ணெண்ணெயோ டீசலோதான். கறுப்புப் பிசுக்கைக் கரைக்க அது நல்லதுதான். ஆனால் கழுவிய பிறகு அதுவே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலமாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் அடித்த பெயின்ட் முதல் சூட்டிலேயே கொப்புளிக்கும். ஆகவே மெனிபோல்டைக் கழற்றி, திறந்திருக்கும் எஞ்சின் துவாரங்களைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, வெளியே எடுத்த பாகத்தைச் சுடுதண்ணீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் பழைய பற்தூரிகையால் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவவேண்டும். தண்ணீர் முத்து முத்தாக உருளாமல் ஒரே படலமாகப் பரவி நின்றால் எண்ணெய் போய்விட்டது என்று அறியலாம். காய்ந்த பிறகு பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைப் புதிய துணியில் நனைத்துத் துடைத்தால் போதும். தின்னரை வாளியில் ஊற்றி ஊறவைப்பது வேண்டாம். நைலோன் தாங்கலாம், ஆனால் அதிலுள்ள ரப்பர் கெஸ்கட்டும் சென்சரின் உறையும் தாங்காது.

டயரையும் டேஷ்போர்டையும் பளபளக்கச் செய்யும் ஸ்பிரே இன்னொரு எதிரி. அதில் சிலிக்கன் இருக்கும். விற்பதற்காக முன்பு யாராவது அதை எஞ்சின் மேலும் அடித்திருந்தால், புதிய பெயின்ட் மீன் கண்போலச் சின்னச் சின்னக் குழிகளாக விலகும். அப்படி விலகினால் நிறுத்திவிட்டுத் திரும்பக் கழுவுவதுதான் வழி, மேலும் மேலும் அடித்து மூட முடியாது.

பிறகு தேய்ப்பு. 320 அல்லது 400 நம்பர் வோட்டர் பேப்பரைத் தண்ணீரோடு பயன்படுத்தி, மினுக்கம் போகும் அளவுக்கு மட்டும். ஆழமாகத் தேய்த்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி நார் வெளியே வந்து நிற்கும். பெயின்ட் அடித்தால் முள்ளு முள்ளாகத் தெரியும். காய்ந்த நிலையில் தேய்த்தால் அந்த நார்த் தூசு கையில் அரிக்கும், மூச்சிலும் போகும்.

நைலோன் தண்ணீரை உறிஞ்சும் பொருள். காற்றிலுள்ள ஈரத்தையே தன் எடையில் சில சதவீதம் எடுத்துவைத்துக்கொள்ளும். மேல்மாகாணத்தில் இது பெரிய விடயமாகத் தெரியாமல் போகலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை கொட்டும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் கழுவிய மெனிபோல்ட் ஒரு நாளில் காயாது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டுவது எப்படியோ அப்படித்தான் இதுவும்: நேரடிச் சூடு வேண்டாம், மிதமான சூட்டில் காற்று ஓடவேண்டும், நேரம் கொடுக்கவேண்டும். வெயில் படும் காரின் உள்ளே கண்ணாடியைச் சற்றுத் திறந்து இரண்டு நாள் வைத்தாலும் போதும்.

அடிக்கும் நாளும் முக்கியம். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். காலையில் அதைவிட எவ்வளவோ கீழே போகும். ஸ்பிரே கேன்களின் பின்புறத்தில் பொதுவாக 10 பாகைக்கு மேல், ஈரப்பதன் குறைந்த நேரத்தில் அடிக்கச் சொல்லியிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. பெயின்டிலுள்ள திரவம் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கும். ஏற்கெனவே பனிமூட்டமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பெயின்டின் மேல் படிந்து, கறுப்பு நிறம் பால் கலந்ததுபோல வெளிறும். ஜனவரி முதல் மார்ச் வரையான வரட்சி நாட்களில், பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையே அடிப்பது நல்லது. கேன் குளிர்ந்திருந்தால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் சிறிது நேரம் வைக்கலாம். அடுப்புப் பக்கத்தில் வைக்கக்கூடாது, அது வெடிக்கும்.

எந்தப் பெயின்ட்? இங்கே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. எஞ்சின் சூடாகும், ஆகவே சைலன்சருக்கு அடிக்கும் அதிசூட்டுப் பெயின்ட்தான் நல்லது என்று. அந்த வகைச் சிலிக்கன் பெயின்ட் இறுகுவதற்கே ஏறக்குறைய 200 பாகைச் சூடு வேண்டும். நைலோன் 6 உருகுவது 220 பாகையில். அந்தச் சூடு மெனிபோல்டுக்கு ஒருநாளும் வரப்போவதில்லை, வரவும் கூடாது. ஆகவே அந்தப் பெயின்ட் கடைசிவரை இறுகாமல், தொட்டால் கையில் ஒட்டும் கரியாகவே இருக்கும். மெனிபோல்டின் வெளிப்புறம் காணும் சூடு பெரும்பாலும் 100 பாகைக்கு உட்பட்டது. ‘எஞ்சின் எனமல்’ என்று விற்கும் சாதாரண வகை போதும். மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம், குளிரில் இருபது. ஒரேயடியாகத் தடிப்பாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். திரும்பப் பூட்ட ஒரு வாரம் பொறுத்தால் நல்லது. அந்த ஒரு வாரம் வண்டி இல்லாமல் இருக்க முடியாதவர்கள் இந்த வேலையில் இறங்காமல் இருப்பதே மேல். வண்டி அழகாவதற்காக ஒரு வார ஹயர் வருமானத்தை இழப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

எந்த இடங்களில் படக்கூடாது என்பதையும் சொல்லவேண்டும். கெஸ்கட் உட்காரும் பள்ளம், எஞ்சினோடு முட்டும் தட்டையான முகம், த்ரொட்டில் வாய், இன்ஜெக்டர் துளை, சென்சர் துளை, சின்ன ஹோஸ்கள் ஏறும் முனைகள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடவேண்டும். போல்ட் போகும் துளைகளில் சின்ன உலோக வளையங்கள் பதித்திருப்பார்கள், போல்டின் இறுக்கம் பிளாஸ்டிக்கில் படாமல் இருக்க. அந்த வளையத்தின் முகத்தில் பெயின்ட் தடிப்பாக நின்றால், சில மாதச் சூட்டில் அது நசிந்து போல்ட் தளரும். தளர்ந்தது என்று மேலும் முறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும்.

எங்கே வைத்து அடிக்கிறோம் என்பதும் சாதாரண விடயமல்ல. மழை என்று லயன் அறைக்குள்ளோ இஸ்தோப்பிலோ வைத்து அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்பிரேயின் ஆவி இலகுவில் தீப்பற்றும், காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவிப் பக்கத்துக் காம்பிராவின் விறகடுப்புவரை போகும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும் லயனில் ஒரு வீட்டில் பிடித்த தீ எத்தனை வீட்டை எடுக்கும் என்பதை நமது செய்திகளில் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். ஹார்ட்னர் கலக்கும் இரண்டு கலவைப் பெயின்டாக இருந்தால் அதன் ஆவி மூச்சுக்குழாயையே பாதிக்கும். துணியைக் கட்டிக்கொண்டு அடிப்பதில் பயனில்லை. அதை வீட்டில் செய்யவே வேண்டாம்.

பெயின்டின் கீழே

மெனிபோல்டின் உள்ளே, த்ரொட்டில் மூடியிருக்கும்போது, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் வெக்யூம் உண்டாகிறது. ஒரு தடித்த ஹோஸ் அந்த உறிஞ்சலைப் பிரேக் பூஸ்டருக்குக் கொண்டுபோகிறது. பூஸ்டருக்குள் ஒரு பக்கம் வெக்யூம், மற்றப் பக்கம் வெளிக்காற்றின் அழுத்தம். இந்த வித்தியாசம்தான் நமது காலின் பலத்தைப் பெருக்குகிறது. டீசல் வாகனங்களில் இதற்குத் தனிப் பம்ப் இருக்கும், சில ஹைபிரிட் கார்களில் மின்சார ஏற்பாடு இருக்கும். முச்சக்கரவண்டிக்கு இந்தக் கதையே இல்லை. சாதாரணப் பெற்றோல் காருக்குத்தான் இது.

இப்போது உயரத்தைக் கணக்கில் எடுங்கள். நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் பூஸ்டருக்குக் கிடைக்கும் வித்தியாசமும் குறைவு. நல்ல நிலையில் இருக்கும் கார் இதைச் சமாளிக்கும். மெனிபோல்டில் ஒரு வெடிப்போ, ஹோஸ் ஏறும் முனையில் ஒரு கீறலோ இருந்து காற்று உள்ளே கசிந்தால், இருக்கும் கொஞ்சமும் குறைகிறது. எஞ்சினும் அமைதியாக நிற்காது. நியூட்ரலில் ஏறி இறங்கும், உஸ் என்ற சத்தம் வரும், எஞ்சின் விளக்கு எரியும். ஸ்கேனரில் கலவையில் பெற்றோல் போதவில்லை என்ற குறியீடு காட்டும். விளக்கை ஸ்கேனரால் அணைத்துவிடலாம், வெடிப்பைப் பெயின்டால் மூடிவிடலாம். விற்கும் அன்று இரண்டும் தெரியாது.

வெடிப்பு பல வழிகளில் வரும். போல்டை அளவுக்கு மேல் முறுக்குவது, இறுகிப்போன ஹோஸைக் கழற்றும்போது முனையை வளைப்பது, கேஸுக்கு மாற்றிய எஞ்சினில் தீ பின்னால் அடிப்பது என்று. தயாரிப்பாளர்களே தவறியதும் உண்டு. அமெரிக்காவில் 1990களின் பிற்பகுதியில் வந்த ஃபோர்ட் வி8 எஞ்சின் கார்கள் பலவற்றில், டாக்சிகளும் பொலிஸ் வாகனங்களும் உட்பட, நைலோன் மெனிபோல்டின் முன்பகுதியில் கூலன்ட் ஓடும் இடம் வெடித்தது. வழக்கு நீதிமன்றம் போய், உரிமையாளர்களுக்கு நிவாரணம் கிடைத்தது. திருத்திய மெனிபோல்டில் அந்த இடத்தை மட்டும் அலுமினியமாக மாற்றினார்கள். அங்கே யாரும் பூசி மெழுகிச் சரிசெய்ய முடியவில்லை. அரால்டைட் வகைப் பசைகளும் நைலோனில் நீண்ட நாள் நிற்பதில்லை. சூட்டில் நைலோன் விரியும் அளவும் பசை விரியும் அளவும் வேறு.

கார் வாங்கப் போகிறவர் தனியாகவே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. எஞ்சினை நிறுத்திவைத்துப் பிரேக்கை ஐந்தாறு தடவை மிதியுங்கள். பெடல் கல்லாக இறுகும். அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கவேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டருக்கு வெக்யூம் போகவில்லை, அந்தக் காரை மலையில் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். இறங்கினால், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சின்னத் தண்ணீர் ஸ்பிரே போத்தலால் மெனிபோல்டின் மூட்டுகளிலும் ஹோஸ் முனைகளிலும் இலேசாகத் தெளியுங்கள், வயர் இணைப்புகளில் படாமல். ஏதாவது ஒரு இடத்தில் தெளித்ததும் எஞ்சின் சத்தம் மாறினால் அங்கே கசிவு இருக்கிறது. இதையே பெற்றோலாலும் காபரேற்றர் கிளீனராலும் செய்கிற பாஸ்மார் இருக்கிறார்கள். சூடான எஞ்சின் மேல் அது நெருப்போடு விளையாடுவது.

பிறகு ஒரு டோர்ச் எடுத்துக்கொண்டு பெயின்டைப் பாருங்கள். மெனிபோல்ட் மட்டும் புதுக் கறுப்பாகவும் பக்கத்திலுள்ள வயர் உறையும் ஹோஸும் பழசாகவும் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஹோஸின் விளிம்பிலும் போல்டின் தலையிலும் பெயின்ட் பட்டிருந்தால், கழற்றாமலே அடித்திருக்கிறார்கள். அப்படியானால் கீழே எதையும் யாரும் பார்க்கவில்லை. அச்சு எழுத்துகள் பெயின்டில் மூழ்கியிருந்தால் பூச்சு தடிப்பு. ஏன் அவ்வளவு தடிப்பு என்று அதையும் கேட்கவேண்டும். சில்வர் நிறம் அடித்து அலுமினியம் என்று சொன்னால் நகத்தால் தட்டிப் பாருங்கள். உலோகத்தின் சத்தம் வேறு.

வெடிப்பு இருந்தால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய மெனிபோல்ட் தேடலாம். எஞ்சின் இலக்கத்தையும் த்ரொட்டில் படத்தையும் கையில் கொண்டுபோகவேண்டும். ஒரே பெயர் கொண்ட காருக்கே வருடத்துக்கு வருடம் முனைகளின் இடம் மாறியிருக்கும். புதிய கெஸ்கட் சேர்த்து வாங்குங்கள், பழையதைத் திரும்பப் போடாதீர்கள். வெளிறிய சாம்பல் நிறமாக, ஆனால் முழுசாக ஒன்று கிடைத்தால் அதையே எடுங்கள். பக்கத்தில் புதுக் கறுப்புப் பூசி இருப்பதன் விலை கூட இருக்கும்.